மூன்றாம் பாகம் யாரிடம் இருக்கிறது?

போன வாரம், புது நர்ஸ்களான உங்கள் அறிமுக வகுப்பில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற சிஸ்டர்கள் மேடையேறினால் என்ன பேசுவோம் என்று உங்களுக்குத் தெரியும். கையைக் கழுவுங்கள், நகத்தை வெட்டுங்கள், எங்கள் காலத்தில் இப்படியா இருந்தோம். நான் அதையெல்லாம் விட்டுவிட்டு, "நாவல் படியுங்கள்" என்றேன். ஹாலில் ஒரு சிரிப்பு ஓடியது. அப்போது உங்களில் ஒரு பெண் எழுந்து நின்று கேட்டாள்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. மெடிக்கல் புக் படிச்சா நோயைப் பத்தித் தெரியுது. பேப்பர் படிச்சா நாட்டு நடப்பு தெரியுது. நாவல் படிச்சா என்ன தெரியும்? அதுல வர்றது எதுவுமே நடக்கலையே."

எனக்கு அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை முகத்துக்கு நேராக யாரும் கேட்டதில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தேன், டீ வந்துவிட்டது, கூடவே சூடான போண்டா. போண்டாவோடு போட்டி போட்டு ஜெயித்த பேச்சாளர் இந்த ஊரில் கிடையாது. அதனால்தான் இதை எழுதுகிறேன். பதில் கொஞ்சம் நீளம். அதில் ஒரு பெயிண்டர் வருகிறார், ஒரு தம்ளர் டீ வருகிறது, ஒரு ஊசி வருகிறது. அந்த ஊசியைப் போடுவதா வேண்டாமா என்பதில்தான் அந்த மனிதரின் உயிர் இருந்தது.

முதலில் நாவலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்தது வளர்ந்தது ஆஸ்டின் டவுனில். வேலை கன்டோன்மென்ட் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியில், ஆண்கள் எலும்பு வார்டில். அப்போது செல்போனில் பேச மட்டும்தான் முடியும், அதுவும் காசு பார்த்துத்தான். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த நர்ஸ் குவார்ட்டர்ஸில் பொழுது போக வேண்டுமென்றால் சண்டை போட வேண்டும், இல்லை படிக்க வேண்டும். நானும் ரீட்டாவும் இரண்டையும் செய்தோம். ரீட்டா என்னோடு அதே வார்டில் வேலை பார்த்தவள், என் சிநேகிதி, சரியான வாயாடி.

ஒரு நாள் ரீட்டா பழைய பேப்பர் கடையிலிருந்து செங்கல் மாதிரி ஒரு தமிழ் நாவலைத் தூக்கி வந்தாள். அட்டை கிடையாது, முன்பக்கங்கள் கிடையாது. பெயர் என்ன, எழுதியது யார், ஒன்றும் தெரியாது. படிக்க ஆறு பேர் கியூவில் நின்றோம். ஆளுக்கு ஒரு மாதம் என்றால் கடைசி ஆளுக்குக் கல்யாணமே ஆகிவிடும். ரீட்டா யோசிக்கவே இல்லை. முதுகுத் தையலைப் பிரித்து, புத்தகத்தை ஆறு பாகமாகப் பிய்த்து, ஒவ்வொன்றையும் காயம் தைக்கிற நம் ஆஸ்பத்திரி நூலாலேயே தைத்துவிட்டாள். யாருக்கு எந்தப் பாகம் கிடைக்கிறதோ அதைப் படிக்க வேண்டியது, முடித்ததும் கைமாற்ற வேண்டியது. வரிசையெல்லாம் பார்க்க முடியாது. சிரிக்காதீர்கள். நான் படித்த படிப்பிலேயே உருப்படியான படிப்பு அதுதான்.

எனக்கு முதல் பாகம் வந்தது. அதில் தணிகாசலம் என்று ஒரு ஆள், சுண்ணாம்புச் சூளை வைத்திருக்கிறார். வேலையாட்கள் சாப்பிட்டு முடிக்காமல் அவர் சோற்றில் கை வைக்க மாட்டார். அப்பா அம்மா இல்லாத தங்கச்சியைத் தோளில் தூக்கி வளர்க்கிறார். எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. ரீட்டாவுக்குக் கிடைத்தது ஐந்தாம் பாகம். அதில் அதே தணிகாசலம் கொட்டுகிற மழையில் அதே தங்கச்சியை வாசலில் நிற்கவைத்துக் கதவைச் சாத்துகிறார்.

கேன்டீனில் வெடித்தது சண்டை. "அவன் ஒரு பாவி" என்றாள் ரீட்டா. "அவர் மாதிரி மனுஷனைப் பார்க்க முடியாது" என்றேன் நான். "உனக்கு ஆம்பளைங்களைப் பத்தி ஒரு எழவும் தெரியாதுடி எஸ்தர்" என்று அவள் சொல்ல, நான் சாம்பார் கிண்ணத்தை அவள் பக்கமிருந்து என் பக்கம் இழுத்துக்கொண்டேன். ஒரு நாள் முழுக்க நாங்கள் பேசவில்லை. மண்டூகங்களாகிய நாங்கள் ஒரே ஆளின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு, இரண்டு ஆட்கள் என்று நினைத்துச் சண்டை போட்டோம்.

சண்டையைத் தீர்த்தது மஞ்சுளா. ஆனேக்கல்காரி, எங்களுக்கு ஜூனியர், கன்னடம் தாய்மொழி. தமிழ் சரளமாகப் பேசுவாள், எழுத்து தெரியாது. அதனால் எல்லோரிடமும் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்பாள். எல்லோர் வாயாலும் கேட்டதால் முழு நாவலும் அவளுக்குத்தான் தெரியும், ஒரு பாகத்தைத் தவிர.

"ரெண்டு பேரும் சரிதான் அக்கா" என்றாள். "மொதல்ல நல்லவரு, அப்புறம் கெட்டவரு. நடுவுல ஏதோ ஆயிருக்கு. மூணாம் பாகம் யார்கிட்ட இருக்கு?"

யாரிடமும் இல்லை. அதை எடுத்துக்கொண்டு போன சிஸ்டர் திடீரென்று விசா வந்து கல்ஃபுக்குப் பறந்துவிட்டார், மூன்றாம் பாகம் அவர் பெட்டிக்குள்ளேயே போய்விட்டது. அன்றிலிருந்து எங்கள் குவார்ட்டர்ஸில் இதே பேச்சு. மூன்றாம் பாகத்தில் என்ன நடந்திருக்கும்? தங்கச்சி ஏமாற்றிவிட்டாள் என்பது என் கட்சி. ஒரு பொம்பளை விவகாரம் என்பது ரீட்டா கட்சி. அவளுக்கு எல்லாமே பொம்பளை விவகாரம்தான். சூளையில் யாரோ செத்திருக்க வேண்டும் என்றாள் மஞ்சுளா. அடுத்த பாகங்களைத் துப்பறிகிறவர்கள் போலப் படித்தோம். அவர் எங்கே உட்கார்ந்தார், யார் முகத்தைப் பார்க்காமல் பேசினார், எப்போது பேச்சை நிறுத்தினார். தலைப்பும் தெரியாத ஒரு புத்தகத்துக்காக எங்களுக்குத் தூக்கமே போய்விட்டது. அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்வது.

இனி பெயிண்டர் கதை.

அவர் பெயர் சேகர். நீலசந்திராவில் வீடு. ஏதோ ஒரு வீட்டில் சாரம் இல்லாமல் ஏணியில் நின்று பெயிண்ட் அடிக்கும்போது கீழே விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து வந்திருந்தார். வீக்கம் வடிந்த பிறகு ஆபரேஷன் என்று பன்னிரண்டாம் பெட்டில் படுக்கவைத்திருந்தோம். மறுநாள் காலை என் டியூட்டி. நான் டெம்பரேச்சர் பார்க்கப் போனால் மனுஷன் காலைப் பார்க்கவில்லை, சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"சிஸ்டர், இந்த செவுரு யாரு பெயிண்ட் பண்ணது?"

"ஏன், நல்லா இல்லையா?"

"பட்டி வெச்சித் தேய்க்காமலே அடிச்சிக்கீறான். பாருங்க, கை வெச்சா மாவா வர்து. ஆஸ்பத்திரி செவுரு, பாவம். காலு சரியாவட்டும் சிஸ்டர், நானே வந்து ஷோக்கா ரெண்டு கோட்டு அடிச்சிக் குடுத்துடறேன். கூலி வேணாம். டீ மட்டும் குடுங்க."

பக்கத்துப் பெட் தாத்தாவையும் அவர் விடவில்லை. "பெருசு, எண்ணெத் தலையைக் கொண்டுபோய் செவுத்துல சாய்க்காதே. கறை போவாது." தாத்தா தலைக்குத் துண்டு வைத்த பிறகுதான் அவருக்கு நிம்மதி. நான் ஊசி போட்டபோது "தேங்ஸ் சிஸ்டர்" என்றார். ஊசிக்கு நன்றி சொன்ன ஆளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. டியூட்டி முடித்து ரீட்டாவிடம் வார்டை ஒப்படைத்துவிட்டு குவார்ட்டர்ஸ் போனேன்.

அன்று எனக்கு நான்காம் பாகம் கிடைத்திருந்தது. சாப்பிட்டுப் படுத்து, ஒரே மூச்சில் படித்தேன். நடுவில் ஒரு இடம் வந்தது, துள்ளி எழுந்து உட்கார்ந்துவிட்டேன். தணிகாசலம் இப்போது வேலையாட்கள் சாப்பிட்டு முடிக்கக் காத்திருப்பதில்லை. அவர்கள் பக்கமே வருவதில்லை. தனியாக, சுவரைப் பார்த்து நின்றுகொண்டு சாப்பிடுகிறார். முதல் பாகத்து ஆள் இப்படிச் செய்யவே மாட்டார். இதை ரீட்டாவிடம் சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். அவள் டியூட்டி முடியும்வரை பொறுக்க முடியவில்லை. கட்டியிருந்த பழைய சேலையும் ரப்பர் செருப்புமாக, நான்காம் பாகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வார்டுக்கு ஓடினேன். பார்வையாளர் நேரம், வராந்தா முழுக்க டிபன் கேரியரும் பூப்போட்ட பிளாஸ்க்கும்.

ரீட்டா என்னைப் பார்த்ததும் கொட்டித் தீர்த்தாள். "வந்தியா. உன் பன்னெண்டாம் பெட்டு என்னா ஆளுடி. காலையில என்னவோ தங்கமான மனுஷன்னு ஒப்படைச்சிட்டுப் போன. வாயைத் திறந்தா கெட்ட வார்த்தை. மஞ்சுளா டீ குடுத்தா, தம்ளரோட வீசி அடிக்கிறான்."

"யாரு, பெயிண்டரா?"

"ஆமா, அந்த ரௌடிதான். குடிகாரன். ரெண்டு நாளா சரக்கு கிடைக்கல, அதான் இந்த ஆட்டம். டாக்டர் பாத்துட்டு தூக்க ஊசி போடச் சொல்லிட்டாரு. போட்டாத்தான் வார்டு அடங்கும்."

ஊசி அவள் கையில் தயாராக இருந்தது. நான் எட்டிப் பார்த்தேன். சேகர் கண்ணை மூடி முனகிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே, காலையில் பரிதாபப்பட்டுத் தடவிக்கொடுத்த அந்தச் சுவரில், பெரிதாக டீக் கறை. இன்னும் கீழே வடிந்துகொண்டிருந்தது.

குடிகாரன் கெட்ட வார்த்தை பேசலாம், அதில் ஆச்சரியமில்லை. ஆளைக்கூட அடிக்கலாம். இந்த ஆள் சுவரில் டீயை ஊற்ற மாட்டார். இதை எந்தப் பாடப் புத்தகத்தில் காட்டுவது? நான் சொன்னேன், "ரீட்டா, அவர் அப்படிச் செய்யற ஆள் இல்லடி."

"கண்ணால பாத்தேன்னு சொல்றேன். நீ காலையில பாத்ததை வெச்சிகினு பேசாத."

"நீ சாயங்காலம் பாத்ததை வெச்சிகினு பேசாத."

கேன்டீன் சண்டை அப்படியே திரும்பி வந்தது. தரையில் உடைந்து கிடந்த கண்ணாடித் தம்ளரைப் பெருக்கிக்கொண்டிருந்த மஞ்சுளா தலையைத் தூக்காமல், எங்களைக் கேலி செய்கிற குரலில் சொன்னாள்.

"ஸ்வல்ப நில்லுங்க அக்கா. மூணாம் பாகம் யார்கிட்ட இருக்கு?"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் அசையாமல் நின்றோம். ரீட்டா ஊசியை டிரேயில் வைத்தாள்.

கவனியுங்கள். அந்த நொடியில் எனக்கு நோய் எதுவும் தெரியவில்லை. தலைக்குள் ரத்தம் என்றெல்லாம் தோன்றவில்லை. தெரிந்தது ஒன்றே ஒன்று: காலையில் ஒரு ஆள், சாயங்காலம் வேறு ஆள், நடுவில் ஒரு பாகத்தை நாங்கள் யாரும் படிக்கவில்லை. படித்தவர் ஒருவர்தான் இருக்க முடியும். அவருடைய மனைவி பாக்கியம் வராந்தாவில், புருஷன் செய்த ரகளைக்கு வெட்கப்பட்டு முந்தானையில் முகத்தை மூடி உட்கார்ந்திருந்தார்.

நான் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன். என்ன பண்ணுது என்று கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் வரும். அதனால் வேறு மாதிரி கேட்டேன். "காலையில நான் போனதுலேர்ந்து சொல்லும்மா. என்ன சாப்ட்டாரு, என்ன பேசுனாரு. கதை மாதிரி சொல்லு, அவசரமில்ல." அவசரம் இருந்தது. குரலில் மட்டும் அதைக் காட்டவில்லை.

"அவுரு நல்லவரு சிஸ்டர். இப்டிலாம் பேசவே மாட்டாரு" என்று ஆரம்பித்தார் பாக்கியம். "மத்தியானம் சோறு வேணாம்ட்டாரு. தலை நோவுது, லைட்டு அணைன்னாரு. பொறவு வாந்தி எடுத்தாரு."

"வாந்தியா? எங்கே, நாங்க யாரும் பாக்கலையே?"

"துண்டுல புடிச்சி நானே கொண்டுபோய் அலசிட்டேன். இப்பத்தான் தரையைத் தொடச்சாங்க, அவங்களுக்கு ஏன் கஷ்டம், சொல்லாதேன்னாரு."

அதே ஆள்தான், பாருங்கள். சுவரைப் பார்த்து இரக்கப்பட்டவர் தரையைப் பார்த்தும் இரக்கப்பட்டிருக்கிறார். அந்த நல்ல குணம்தான் அவருடைய உயிருக்கு உலை வைத்துக்கொண்டிருந்தது. "அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் தூங்கினாரு. எழுந்து என்னைப் பாத்து, 'செல்வி, நீ எப்ப வந்தே'ன்னாரு. செல்வி அவரு தங்கச்சி சிஸ்டர். தூக்கக் கலக்கம்னு நெனச்சேன்."

"விழுந்தப்போ தலையில அடி பட்டுச்சா?"

"ஜன்னலு மேல சிமெண்டுப் பலகை நீட்டிகினு இருந்துச்சாம், அதுல லேசா இடிச்சிச்சாம். ரத்தம் வரல. கால் வலியில அதை யாருகிட்டயும் சொல்லல."

அதற்கு மேல் நான் உட்கார்ந்திருக்கவில்லை. டியூட்டி டாக்டர் வார்டின் அந்தக் கோடியில் இருந்தார். சின்னப் பையன், நல்லவன், காலையிலிருந்து நின்ற கால்தான். என்னை ஏற இறங்கப் பார்த்தார். ரப்பர் செருப்பு, கசங்கிய சேலை, கையில் கிழிந்த புத்தகம்.

"சிஸ்டர், நீங்க டியூட்டியிலயே இல்ல. ஆர்டர் எழுதியாச்சு."

இந்த இடம்தான் உங்களுக்கும் வரும். நன்றாக யோசித்து வையுங்கள். அவரோடு வாதம் செய்திருந்தால் தோற்றிருப்பேன், அவர் டாக்டர். எனக்கென்னவோ சரியாகப் படவில்லை என்று மொட்டையாகச் சொல்லியிருந்தாலும் தோற்றிருப்பேன். நான் கதையை வரிசையாகச் சொன்னேன். காலையில் சுவரைப் பற்றி என்ன பேசினார், மத்தியானம் ஏன் விளக்கை அணைக்கச் சொன்னார், வாந்தியை ஏன் மறைத்தார், யாரை யார் பெயரால் கூப்பிட்டார், இப்போது அந்தச் சுவர் எப்படி இருக்கிறது. "ஊசி போடறோம் டாக்டர். அதுக்கு முன்னாடி ஒரு வாட்டி கண்ணை மட்டும் பாத்துடுங்க" என்று முடித்தேன்.

அவர் எழுதுவதை நிறுத்தியிருந்தார். டார்ச்சை எடுத்துக்கொண்டு நடந்தார். சேகரின் இமையைத் தூக்கி ஒரு கண்ணில் வெளிச்சம் அடித்தார், பிறகு மறு கண்ணில், பிறகு மறுபடியும் முதல் கண்ணில். ஒரு கண்ணின் பாவை சுருங்கியது, மற்றது சோம்பேறி மாதிரி அப்படியே விரிந்து நின்றது.

"ஊசி வேண்டாம். ஸ்கேனுக்குச் சொல்லுங்க. நாம கொண்டுபோய்ட்டே இருக்கலாம்."

பிறகு ஓட்டம்தான். பார்வையாளர் கூட்டத்துக்கு நடுவில் டிராலி. மஞ்சுளா முன்னால் ஓடிக்கொண்டு "தாரி பிடி, தாரி பிடி" என்று கன்னடத்திலும், "வழி விடுங்க" என்று தமிழிலும், பிளாஸ்க்கோடு நின்ற ஒரு பெரியவரிடம் "ஹட்டோ பாய்" என்று ஹிந்தியிலும் கத்தினாள். லிஃப்ட் வாசலில் என் செருப்பு ஒன்று கழன்றது. டாக்டர் குனிந்து அதை எடுத்து டிராலியில் போட்டார். கையிலிருந்த நான்காம் பாகத்தை நானும் எப்போதோ டிராலியில் வைத்திருக்கிறேன். தணிகாசலம், என் செருப்பு, சேகர் மூவரும் சேர்ந்தே ஸ்கேன் ரூமுக்குள் போனார்கள்.

மண்டை ஓட்டுக்குள் ரத்தம் கட்டி, மூளையை ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டிருந்தது. அப்போதே ஆபரேஷன் தியேட்டர். தூக்க ஊசி போட்டிருந்தால் அவர் அமைதியாகத் தூங்கியிருப்பார், வார்டும் அடங்கியிருக்கும், நாங்களும் நல்ல பிள்ளையாகத் தூங்குகிறார் என்று எழுதிவைத்திருப்போம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று சர்ஜன் ஆரம்பித்தார், வாக்கியத்தை முடிக்காமலே கை கழுவப் போய்விட்டார். ரீட்டா தியேட்டர் வாசலில் உட்கார்ந்து என் தோளில் சாய்ந்து அழுதாள். "என் கையில இருந்துச்சுடி எஸ்தர், ஊசி" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

எப்படித் தோன்றியது என்று பிற்பாடு அந்த டாக்டர் கேட்டார். நாவலைக் காட்டினேன். சிரித்தார். முதல் பாகத்தைப் படித்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிப் போனார். இன்று வரை தரவில்லை, வேறு ஊரில் பெரிய ஆளாகிவிட்டார்.

கேள்வி கேட்ட பெண்ணே, இப்போது உன்னிடம் வருகிறேன். நாவலில் வருவது எதுவும் நடக்கவில்லை என்றாய். வாஸ்தவம். தணிகாசலம் என்று ஒருவர் இருந்ததே இல்லை. ஆனால் ஒரு மனிதர் எந்தெந்தக் காரியங்களால் ஆனவர், எது அவர் செய்யக்கூடியது, எது அவர் செய்யவே மாட்டாதது என்ற அறிவை எனக்குக் கொடுத்தவர் அந்த இல்லாத ஆள்தான். பாடப் புத்தகம் எல்லோருக்கும் பொதுவான உடம்பைச் சொல்லித் தருகிறது, அது இல்லாமல் ஒரு நாள்கூட வேலை பார்க்க முடியாது. பன்னிரண்டாம் பெட்டில் படுத்திருப்பவர் எல்லோரும் அல்ல, அவர் ஒருவர். அந்த ஒருவரை அறிவதும் அறிவுதான், மனித குலம் சேர்த்துவைத்த அறிவில் அது பாதி என்பேன் நான். அதைச் சேர்த்துவைத்திருக்கும் இடம் கதைகள். நம் வார்டுக்கு வருகிற யாரும் முதல் பக்கத்திலிருந்து வருவதில்லை. நடுவில் பிய்ந்த ஒரு பாகமாகத்தான் வருகிறார்கள். அதை வைத்துக்கொண்டு பாவி என்றோ தங்கம் என்றோ முடிவு கட்டிவிடுவது ரொம்ப சுலபம்.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு, மறைக்க மாட்டேன். கதை படிக்கிறவர்களுக்குக் கதை கட்டுகிற வியாதி வரும். ஐந்தாம் பெட் அம்மாளைத் தினமும் பார்க்க வந்து, பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போன ஒரு பெரியவரை, கைகூடாத பழைய காதலர் என்று முடிவு செய்து ரீட்டா அவருக்கு ஸ்பெஷலாக நாற்காலியெல்லாம் போட்டாள். இது நாங்கள் பெண்கள் வார்டுக்கு மாறியிருந்த சமயம். கடைசியில் அவர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். அந்த அம்மாள் எப்போது கையெழுத்துப் போடுவார் என்று காத்திருந்திருக்கிறார். ஆகவே கதை கேள்வியைத்தான் தரும். பதிலைப் பாக்கியத்திடம்தான் கேட்க வேண்டும், டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும்.

மஞ்சுளா பிற்பாடு வார்டு இன்சார்ஜ் ஆனாள். டியூட்டி மாறும்போது சார்ட்டில் இல்லாத ஒரு விஷயத்தையாவது சொல்லாமல் யாரையும் அவள் வீட்டுக்கு விடமாட்டாள். காலையில் இருந்த ஆளுக்கும் இப்போது இருக்கும் ஆளுக்கும் பொருந்தவில்லை என்றால், "மூணாம் பாகம் யார்கிட்ட?" என்று கேட்பாள். அவளிடம் பழகியவர்கள் இன்றும் அப்படித்தான் கேட்கிறார்கள். அது ஏதோ ஃபாரம் என்று நினைத்து உங்களில் ஒருத்தி பிரிண்டருக்குப் பின்னாலெல்லாம் தேடினாளாம். தேட வேண்டாம் கண்ணு. அது என்னவென்று இப்போது உனக்குத் தெரியும்.

உண்மையான மூன்றாம் பாகம் கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது. கல்ஃபுக்குப் போன சிஸ்டர் போன வருஷம் ஒரேயடியாகத் திரும்பி வந்தார், பழைய பெட்டியின் அடியில் அது அப்படியே இருந்தது. நானும் ரீட்டாவும் பஸ் பிடித்து ஆனேக்கல் போய், மஞ்சுளா வீட்டில் உட்கார்ந்து அவளுக்காகச் சத்தம் போட்டுப் படித்தோம். எங்கள் மூன்று பேர் ஊகமும் சுத்தமாகத் தப்பு. யாரும் ஏமாற்றவில்லை, யாரும் சாகவில்லை. ஒரு நாள் சூளைக்குப் பின்னால் வேலையாட்கள் தமக்குள் பேசுவது தணிகாசலம் காதில் விழுகிறது. அவர் பார்த்துக்கொண்டிருக்க, அவர் முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவது அவர்களுக்குப் பிடித்ததே இல்லை, பயத்தில்தான் சாப்பிட்டிருக்கிறார்கள். அதைத் தங்கச்சியிடம் போய்ச் சொல்கிறார். அவள், "இது உங்களுக்கு இப்பத்தான் தெரியுமா அண்ணா?" என்கிறாள். அவ்வளவுதான், மழையில் கதவைச் சாத்தியது இதற்குத்தான். இத்தனை வருஷம் நோயாளிகளைப் பார்த்தும் இது எங்களுக்குத் தோன்றவே இல்லையே. மூன்றாம் பாகம் நாம் நினைத்த மாதிரி இருப்பதில்லை, அதனால்தான் அதைக் கேட்க வேண்டியிருக்கிறது.

சேகர் கதையில் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். தலையில் ஆபரேஷன் முடிந்து, தீவிர சிகிச்சையிலிருந்து அவரைத் திரும்ப எங்கள் வார்டுக்கே, அதே பன்னிரண்டாம் பெட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மொட்டைத் தலையில் பெரிய கட்டு. ஆள் பிழைத்துவிட்டார், ஆனால் எந்த ஆள் பிழைத்திருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. இந்த மாதிரி ஆபரேஷனுக்குப் பிறகு சிலர் வேறு ஆளாகவே இருந்துவிடுவதுண்டு. பாக்கியம் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பிப் பின்னால் சுவரைப் பார்த்தார். காய்ந்து பழுப்பாகியிருந்த டீக் கறையை ரொம்ப நேரம் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது.

"எவன் சிஸ்டர் இது, செவுத்துல டீ ஊத்துனவன்? கொஞ்சமாச்சும் அறிவு இருக்க வேணாம்?"

பாக்கியம் விசும்ப ஆரம்பித்தார். மஞ்சுளா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரீட்டாதான் அவர் போர்வையைச் சரி செய்துகொண்டே பதில் சொன்னாள்.

"யாரோ ஒருத்தர்ண்ணா. ஒரு சாயங்காலம் மட்டும் இருந்தாரு. போயிட்டாரு."